மாச்சு நண்டின் இடக்கை

நண்டும் மனிதரும் ஒரே முற்றத்தில் நின்று கராத்தே பழகிய அந்தக் காலத்தில், ஒகினாவா தீவின் சேற்றுக் கரையோரம் மாச்சு என்று ஓர் ஆண் நண்டு இருந்தது. அதன் மனைவி கமடூ. அப்போதெல்லாம் நண்டுகளுக்கு இரண்டு கையும் ஒரே அளவுதான்.

சாயங்காலமானால் ஊரே முற்றத்துக்கு வந்துவிடும். அங்கே வைக்கோல் கயிறு சுற்றிய கட்டைகள் நட்டிருக்கும். அவற்றைக் குத்திப் பழக வேண்டும். வலக்கை நூறு குத்தினால் இடக்கையும் நூறு குத்த வேண்டும். முற்றத்தின் சட்டம் அவ்வளவுதான்.

மாச்சு வலக்கையால் இருநூறு குத்தும். கட்டை அதிரும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பெருமை அதற்குத் தலைக்கேறிவிட்டது. இடக்கையின் முறை வந்தால் மட்டும் எங்கிருந்தோ பசி வந்துவிடும். அந்தக் கையால் சேற்றை அள்ளி அள்ளித் தின்னும்.

பக்கத்துக் கட்டையில் குத்திக்கொண்டிருந்த மீனவன் தாரு சிரித்தான். "ஏம்ப்பா மாச்சு, வலக்கைக்கு வேலை, இடக்கைக்கு விருந்தா?"

"ஒரே குத்துல ஆளைச் சாய்க்கிற கை ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்றது மாச்சு.

கமடூவும் சொல்லிப் பார்த்தது. மாச்சு காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலக்கை பெருத்துக்கொண்டே போனது. இடக்கை வளரவே இல்லை.

ஒருநாள் அலை வடிந்த நேரம். இரண்டும் வளை வாசலில் மேய்ந்துகொண்டிருந்தன. மாச்சுவின் இடப்பக்கம் நின்ற கமடூவின் காலை ஒரு கொக்கு கவ்வியது. மாச்சு பதறிப்போய் இடக்கையை வீசியது. கொக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலக்கையைத் திருப்பலாம் என்றால் அதன் கனம் மாச்சுவையே குப்புறத் தள்ளியது. கடைசியில் கமடூதான் இரண்டு கையாலும் மாறி மாறிக் குத்தி, ஒரு காலைக் கொக்கின் வாயிலேயே விட்டுவிட்டுத் தப்பியது.

மாச்சுவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கால் போனா முளைச்சுக்கும்," என்றது கமடூ. "உங்களை நம்பி நின்னேன் பாருங்க, அதுதான் வலிக்குது. அந்தக் கையும் குத்தப் பழகட்டும், அப்புறம் கூப்பிடுங்க."

சொல்லிவிட்டுக் கரையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது.

அன்றே மாச்சு கட்டைக்கு முன்னால் நின்றது. இடக்கையால் ஒன்று குத்தியது, இரண்டு குத்தியது. மூன்றாவதற்கு ஓங்கிய கை பழக்கதோஷத்தில் சேற்றை அள்ளிக்கொண்டு வாய்க்குப் போய்விட்டது. மறுநாளும் அதே கதை. கமடூ இல்லாத வளைக்குள் அதனால் இருக்க முடியவில்லை. பழகி முடிக்கும்வரை பொறுக்கவும் முடியவில்லை. வளை வாசலில் வந்து நின்று, பெருத்த வலக்கையைத் தூக்கிக் கமடூவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அன்று முதல்தான் அந்தக் கரை ஆண் நண்டுகளுக்கு ஒரு கை பெருத்தும் ஒரு கை சிறுத்தும் இருக்கிறது. அலை வடிந்ததும் அவை வளை வாசலில் வந்து நின்று, பெரிய கையைத் தூக்கித் தூக்கி, "வந்துடு கமடூ, வந்துடு" என்று கூப்பிடுகின்றன.