எழுபது வளைவு

மறுநாள் நாமக்கல்லில் அப்பாவுக்குப் படத்திறப்பு. என்ன பேசுவது என்று கேட்கத்தான் பூங்கோதை டீச்சர் பஸ் பிடித்து, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருந்தார். நாலு பிள்ளைகளில் தமிழ் படித்தவர் அவர்தான் என்று மைக்கை அவர் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள்.

மலைமேல் இருந்த சாமிக்கு டீச்சரைவிட ஏழு வயது குறைவு. டீச்சர் அவரைக் குருவாக ஏற்றுப் பத்து வருஷம் ஆகிறது. இருந்தாலும் சாமி அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எழுதிப் பார்த்தீர்களா என்று சாமி கேட்டார். மூன்று நாளாக எழுதிக் கிழித்தாயிற்று. உழைப்பாளி, உத்தமர் என்றெல்லாம் எழுதினால் ஊரில் யார் படத்துக்கும் அது பொருந்துகிறது.

"நெசத்தைப் பேசலாமுன்னா, வாயில குறைதானுங்க சாமி வருது. அத்தனை சனத்துக்கு முன்னால அதைக் கொட்டிருவனோன்னு பயமா இருக்கு."

"என்ன குறை?"

டீச்சர் சொன்னார்.

அப்பா செங்கோடன் மெக்கானிக். நாற்பத்தைந்து வருஷம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் படுத்து வேலை பார்த்தவர். ராத்திரி மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். காலையில் மகளின் சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டார். பிரேக் என்று வந்துவிட்டால் மனுஷன் பிடித்த பிடியை விடமாட்டார். தான் கைவைத்த பஸ்ஸில் முதல் நடை தானும் ஏறிப் போய் வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

டீச்சரின் கல்யாணத்தன்று விடியற்காலையில் ஒரு பஸ் இதே மலைக்குப் புறப்பட்டது. முந்தின நாள் அவர் பிரேக் வேலை பார்த்த பஸ். வீட்டில் அத்தனை பேர் தடுத்தும் ஏறிவிட்டார். ஏழு மணிக்குள் திரும்பியிருக்க வேண்டும். மலைமேல் டயர் பஞ்சர். தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பா நின்றார். முதல் பந்தி எழுந்த பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார், மண்ணெண்ணெய் வாசனையோடு.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்கன்னு கேட்டேன். நான் கை வெச்ச வண்டியில நானே ஏறலீன்னா சனம் எப்படி ஏறும் கண்ணுன்னாரு. இருபத்தெட்டு வருஷமாச்சுங்க. மறுபேச்சும் பேசலை, மனசும் ஆறலை."

சாமி அவர் முகத்தைப் பார்த்தார்.

"கன்னத்துல என்னக்கா தடம்?"

டீச்சர் தடவிப் பார்த்தார். "ஜன்னல் கம்பிங்க. சாஞ்சு தூங்கிட்டேன்."

"எழுபது வளைவுலயுமா?"

"அடிவாரத்துல கண்ணை மூடினது. மேல வந்து கண்டக்டர் எழுப்பித்தான் முழிச்சேன்."

"அந்த பஸ்ஸுக்கு பிரேக் பார்த்தது யாரு?"

"அது எனக்கு எப்படிங்க சாமி தெரியும்?"

"சரி. நாளைக்கு மைக்கைப் பிடிச்சு, மலையேறுறப்ப தூங்கினேன்னு சொல்லுங்க அக்கா. போதும்."

டீச்சர் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.