வைத்தியரின் நாற்காலி

வண்டிக்கார இசக்கியப்பனுக்குப் பத்து வருஷமாக ஓயாத வயிற்றுப்போக்கு. குடல் நோயை ஒரே வேளையில் தீர்ப்பதாகத் தம்பட்டம் அடித்த வைத்தியர் நமச்சிவாயத்திடம் போனான்.

அவர் ஒரு கிண்ணம் கழுதைப்பாலை நீட்டினார். "குடிச்சிட்டுப் பொழுது சாயுறவரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தா மருந்துமேல குத்தமில்ல, உன் நம்பிக்கையிலதான் குத்தம்!"

"சரிங்கய்யா. ஆனா உங்க நாற்காலியில நான் உட்கார்ந்துக்கிறேன்."

"என் நாற்காலி எதுக்குடா?"

"எந்த வீட்டுக்குப் போனாலும் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்து இடத்தைத்தான் என் கண்ணு தேடும். இங்க அதுல நீங்க உட்கார்ந்திருக்கீங்க. தண்ணிச் செம்பும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு."

காத்திருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. வைத்தியர் நெடுமூச்சு விட்டார். "பதினஞ்சு வருஷமப்பா. இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்ல."

இசக்கியப்பன் செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"அப்ப நீங்கதான் மூத்தவர். முதல்ல போயிட்டு வாங்க."