முள்ளம்பன்றியும் பக்கத்து வளைப் பெருச்சாளியும்

மருதமரங்கள் சூழ்ந்த ஒரு குளக்கரையில் கிழட்டு முள்ளம்பன்றி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. அடுத்த வளையில் ஒரு பெருச்சாளி. எதிர்ப் புதரில் ஒரு கவுதாரி.

பொழுது சாய்ந்தால் முள்ளம்பன்றிக்கும் பெருச்சாளிக்கும் சண்டைதான்.

“ஏன்டா, நீ தோண்டுகிற மண்ணையெல்லாம் என் வாசலில்தான் தள்ள வேண்டுமா?” என்று முள்ளம்பன்றி கேட்கும்.

“உம் வாசல் பள்ளத்தில் இருந்தால் நான் என்ன செய்ய?” என்று பெருச்சாளி சொல்லும்.

வாய் ஓயும்வரை பேசிவிட்டு, இரண்டும் சேர்ந்தே கிழங்கு தேடப் போகும்.

ஒருநாள், மழையில் நனைந்த அந்த மண்மேட்டில் முள்ளம்பன்றி வழுக்கி விழுந்தது. கால் வீங்கிவிட்டது.

அந்த வளைமேல் ஒரு நரிக்கு நெடுநாளாகக் கண். அது ஓடி வந்தது.

“ஐயோ பாவம்! இந்த வயதில் பெரியவர் ஏறி இறங்கலாமா? மலைக்கு அப்பால் ஒரு குகை இருக்கிறது. சமதரை. ஒரு சொட்டு ஒழுகாது. அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். கிழங்கை நாம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்” என்று பெருச்சாளியிடம் சொன்னது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே அழுதது நரி. பெருச்சாளிக்கு அது புரியவில்லை. தன் மண்ணால்தான் விழுந்தார் என்ற உறுத்தல் வேறு.

“என் வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்றது முள்ளம்பன்றி.

“எல்லாம் உம் நல்லதுக்குத்தான்” என்று சொல்லி, பெருச்சாளியே அதைக் குகையில் கொண்டுபோய் விட்டது.

குகை நன்றாகத்தான் இருந்தது. கிழங்கும் தவறாமல் போயிற்று. ஆனால் நடையில்லை, பேச்சில்லை. கால் வீக்கம் வடிந்தும் முள்ளம்பன்றிக்கு எழுந்திருக்க மனமில்லை. கொண்டுபோன கிழங்கு அப்படியே கிடந்தது.

பெருச்சாளிக்கும் இரை இறங்கவில்லை. சண்டை போட ஆள் வேண்டாமா?

“பெரியவரே, இங்கே என்ன குறை?” என்று ஒருநாள் கேட்டது.

“ஒரு குறையும் இல்லையப்பா. திட்டுவதற்குத்தான் ஆளில்லை.”

பெருச்சாளி கொண்டுவந்த கிழங்கைக் கீழே வைத்தது. “வழுக்கியது என் மண். அதற்குப் போய் உம்மைக் கிளப்பினேனே! வாரும், வீட்டுக்குப் போவோம்” என்றது.

வந்து பார்த்தால், வளைக்குள் நரி சொகுசாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

“கிழத்துக்கு இங்கே என்ன வேலை? குகைக்குப் போ” என்றது.

முள்ளம்பன்றி திரும்பி நின்றது. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே வளைக்குள் இறங்கியது. அடுத்த கணம், வளையின் மறு வாயில் வழியாக நரி அலறிக்கொண்டு ஓடியது. அதன் மூக்கில் இரண்டு முள்!

“வயதானது காலுக்குத்தான், முள்ளுக்கு இல்லை” என்றது முள்ளம்பன்றி.

அன்றே பெருச்சாளி மண்மேட்டை அகற்றி, வாசலைச் சரிவாக வெட்டியது. கால் வழுக்காமலிருக்கக் கவுதாரி அதன்மேல் சரளைக்கல்லைச் சீய்த்துப் பரப்பியது.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் முள்ளம்பன்றி சரிவில் மெல்ல ஏறி வந்தது. விழவில்லை. மனம் நிறைந்திருந்தது. அதை வெளியே சொல்லிவிடுமா என்ன?

“சரிவு ஒரு பக்கம் கோணல்” என்றது.

“கோணல் உம் பார்வையில்” என்றது பெருச்சாளி.

பேசிக்கொண்டே இரண்டும் கிழங்கு தேடப் புறப்பட்டன.

வயதானவர் வழுக்கி விழுந்தால் அவர் வாசலைத்தான் செப்பனிட வேண்டுமே தவிர, அக்கம்பக்கத்திலிருந்து அவரைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தனியே வைக்கக் கூடாது.