மூடி இறுக்கின டின்

ஒரு மலை ஊர்ல ஒரு சந்தேகக்காரி இருந்தா. பேரு யூஜினி. காலை ஆட்டாம கேளு, நடுவுல நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்க மாட்டேன்.

அவ தோட்டத்துல கருஞ்சிவப்பா ஒரு கிளாடியோலஸ் பூக்கும். கல்யாணமாகி வந்தப்போ அவ அம்மா குடுத்தனுப்பின கிழங்கு. அம்மா செத்தப்புறம், வருஷா வருஷம் மே மாசம் அந்தப் பூவைத்தான் கல்லறையில வைப்பா. அந்த நிறம் ஊர்ல வேற யார்கிட்டயும் கிடையாது. அவளுக்கு அது பெருமையும்தான், பயமும்தான்.

மார்கழியில அங்க உறைபனி விழும். மண்ணுல விட்டா கிழங்கு செத்துடும். அதனால முன்னாடியே சரக் சரக்னு தோண்டி, மண்ணை உதறி, முற்றத்துல காய வச்சு, அப்புறம் ஒரு தட்டுல மரத்தூள் பரப்பி பரண்ல வச்சா. ம் சொல்லு.

"ம்."

அப்போ பக்கத்து வீட்டு தவமணி வேலிக்கு மேல தலையை நீட்டினா. "என்னக்கா, கிழங்கெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"ஏன், உனக்கென்ன?"

"சும்மா கேட்டேன்க்கா."

சும்மா யாராவது கேப்பாங்களா? யூஜினிக்கு மண்டைக்குள்ள குறுகுறுன்னுது. பரண்ல ஏறிப் பார்த்தா, இருந்ததுலயே பெரிய கிழங்கைக் காணோம்!

தட்டை இறக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளினா. சாயங்காலம் புருஷன் ஜெரோம் அங்க குனிஞ்சார்.

"அங்க என்ன கை?"

"செருப்பும்மா."

"நல்லா தேடினீங்க செருப்பு!"

அப்புறம் அரிசி டிரம்முக்குப் பின்னாடி மாத்தினா. அங்க கர்ர் கர்ர்னு சத்தம். எலியா, இல்ல தவமணியான்னு விளக்கடிச்சுப் பார்த்தா. எலிதான். ஆனாலும் தவமணி மேல சந்தேகம் குறையல.

கடைசியா ஒரு பிஸ்கட் டின். கிழங்கையெல்லாம் பிளாஸ்டிக் பையில முடிச்சுப் போட்டு, டின்ல திணிச்சு, மூடியை டம் டம்னு அடிச்சு, சுத்தி டேப் ஒட்டி, பீரோல வச்சுப் பூட்டினா.

"காத்து வேணாமா அதுக்கு?"ன்னார் ஜெரோம்.

"கிழங்குக்கு மூக்கா இருக்கு? போய் வேலையைப் பாருங்க."

பனிக்காலம் முடிஞ்சது. டேப்பை சர்ர்னு கிழிச்சு, மூடியைத் திறந்தா, குப்புனு ஒரு நாத்தம்! எல்லாம் கொழகொழன்னு அழுகி, பூஞ்சை புடிச்சுக் கிடந்தது. யூஜினி அப்படியே தரையில உக்காந்துட்டா. இனி அம்மாவுக்கு எந்தப் பூவை எடுத்துட்டுப் போவா? தூங்கிட்டியா?

"ம்ஹூம்..."

அப்போ டொக் டொக். தவமணி. கையில வெங்காயம் தொங்கவிடற வலைப்பை. உள்ள அந்தப் பெரிய கிழங்கு! தோல் மொறுமொறுன்னு காஞ்சு, உச்சியில பச்சையா முளை.

"முற்றத்துல காஞ்சப்போ எடுத்தேன்க்கா. கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க. இப்ப நாத்தம் வேலி தாண்டி வந்துச்சு, மனசு கேக்கல."

"திருடி!"

"ஆமாக்கா."

யூஜினி வெடுக்குனு வாங்கிப் புரட்டினா. அடியில பட்டாணி மாதிரி குட்டிக் கிழங்குங்க ஒட்டிட்டு இருந்தது. ரெண்டைக் கிள்ளி தவமணி கையில வச்சா. "பூக்க வருஷமாகும். பொறுமையா இரு. வலையில எப்படித் தொங்கவிட்டேன்னு எனக்கும் காட்டு."

தவமணி கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பினா.

"நில்லுடி. ஒண்ணுதான் எடுத்தியா?"

"சத்தியமாக்கா!"

"பையை உதறிக் காட்டு."

மே மாசம் கல்லறையில ஒரே ஒரு தண்டு, கருஞ்சிவப்பா நின்னுது.

கதையை டின்ல போட்டாச்சு, மூடியை இறுக்கல. நீ கண்ணை மட்டும் மூடு.