செவலைக் கன்றும் சூல்கொண்ட புல்லும்

அந்தக் காலத்தில் மாடு பேசும், மரம் பேசும், புல்கூட வாய் மூடாமல் பேசும். காங்கேயம் பக்கத்து மாடுகளெல்லாம் அப்போது செக்கச்செவேலென்றுதான் இருந்தன. அங்கே கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். மாட்டை உள்ளே விட்டு வாசல் படலைச் சாத்திவிட்டால் போதும், மேய்க்க ஆள் வேண்டாம்.

அந்த வருஷம் மழை ஒருமுறைதான் எட்டிப் பார்த்தது. மாடு வளர்த்துவந்த பாவாயியின் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டிருந்தது.

“அம்மிணி, நாங்க சூலா இருக்கறோம். வெதை உதுந்தப்பறம் படலைத் தொறங்க. அதுக்கு முந்தி வேண்டாம்” என்றது புல்.

“சத்தியமாத் தொறக்க மாட்டேன்” என்றாள் பாவாயி.

கட்டுத்தறியில் செவத்தா என்ற பசு புதிதாகக் கன்று போட்டிருந்தது. “ஏனுங்க ஆத்தா, காஞ்ச சோளத்தட்டைக் கடிச்சுக் கடிச்சு மடி வத்திப்போச்சுங்க. எங்கன்னு எதைக் குடிக்கும்?” என்று அழுதது. பாவாயிக்கு மனசு கேட்கவில்லை. மாடுகளை ஓட்டிப்போய்ப் படலைத் திறந்து, “ஆளுக்கொரு வாய்தான், ஆமா!” என்றாள். பசித்த மாட்டிடம் ஒரு வாய்க் கணக்குப் பேசியவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

தண்ணீர் சேந்திவிட்டு வந்தவள் குடத்தைக் கீழே போட்டாள். காடு மொட்டை. வேலியோரம் தப்பிய ஒரே ஒரு புல் தூர் கதறிக்கொண்டிருந்தது.

“வயித்துப் பிள்ளைகளோட முழுங்கிப்போட்டீங்களே பாவிகளா! உங்க பிள்ளைக்கு உங்களை அடையாளந் தெரியாமப் போகோணும்!”

பாவாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். செவத்தாவின் மூஞ்சியிலிருந்து சிவப்பு வடிந்தது. கழுத்து, முதுகு, வால் என்று எல்லாம் சாம்பலாயிற்று. முகம் வெளுத்தது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அங்கே மந்தையே வெளுத்து நின்றது.

மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வந்ததும், கட்டுத்தறியில் கன்று மிரண்டு அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது. “இது ஆரு? எங்கம்மா செவப்பு!”

“நாந்தாங் கண்ணு, உங்கம்மா” என்றது செவத்தா. கன்று கிட்டவே வரவில்லை. பால் குடிக்காமல், பொழுது சாய்வதற்குள் அதன் முழங்கால் மடங்கிவிட்டது.

தான் திறந்த படலால் ஓர் உயிர் போகிறதே என்று பாவாயி பதறினாள். செம்மண்ணை வெட்டிக் குழைத்துச் செவத்தாவின் உடம்பெல்லாம் பூசினாள். “அம்மா!” என்று கன்று தட்டுத்தடுமாறி வந்து காம்பைப் பிடித்தது. முட்ட முட்ட மண் உதிர்ந்து சாம்பல் நிறம் தெரிந்தது. கன்று அண்ணாந்து பார்த்தது, ஆனால் காம்பை விடவில்லை. தாயென்று பாலே சொல்லிவிட்டது.

பாவாயி அப்புறம் படலைத் தொடவே இல்லை. அந்த ஒற்றைத் தூர் விதை உதிர்த்து, மறுமழையில் காடு நிறைந்து, புல்லே கூப்பிட்ட பிறகுதான் மாடுகளை விட்டாள். பால்குடி மாறாத கன்றும் கூடவே ஓடி ஒரு கடி கடித்தது.

“வேண்டாங் கண்ணு!” என்று அலறியது செவத்தா.

அது மென்று முடிப்பதற்குள் சிவப்பு முழுக்க வடிந்துவிட்டது. “அம்மா, இப்ப நானும் உன்னாட்டவே இருக்கறேன்!” என்று அது துள்ளியது. செவத்தா வாயில் வைத்த புல்லை விழுங்க முடியாமல் நின்றது.

அன்று முதல்தான் காங்கேயம் கன்று செவலையாகப் பிறக்கிறது, புல் தின்னப் பழகியதும் வெளுத்துப் போகிறது.