ஈரத்தில் சொன்ன சொல்

ஓர் ஊரில் வாசற்படி இடிந்துபோன வீடு ஒன்று இருந்தது. இருபக்கமும் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் தெரு அது. அந்த வீட்டுக்குப் போக வர ஒரே வாசல்தான்.

வீட்டுக்காரர் சங்கரபாண்டி, ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எதற்கும் ஆள் கூப்பிடமாட்டார். குழாய் ஒழுகினாலும் ஓடு விலகினாலும் அவர் கைதான். படியையும் தானே போட்டுவிடுவதென்று ஒரு மத்தியானம் இறங்கினார். பழைய படியைப் பெயர்த்து, மூன்று பக்கமும் பலகை அடைத்து, உள்ளே கம்பி கட்டினார். தெருவில் தகரத்தை விரித்து ஒரு சட்டி சிமெண்ட், இரண்டு சட்டி மணல், நாலு சட்டி ஜல்லி என்று கொட்டினார்.

தெருவில் ஈ காக்கை இல்லை. வெயில் சத்தத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டதுபோல் இருந்தது. மண்வெட்டியால் முதல் புரட்டுப் புரட்டியபோது கீழேயிருந்து குரல் வந்தது.

“எத்தனை வருசம் ஆற்றோடு ஓடினேன். இனி அசையமாட்டேன் போல,” என்றது மணல்.

“என்னை மலையிலிருந்து வெடிவைத்துப் பிய்த்தார்கள். எங்கே கிடந்தால் என்ன?” என்றது ஜல்லி.

சங்கரபாண்டிக்கு மண்டை காய்ந்துவிட்டது என்று தோன்றியது. ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு மீதியைக் கலவையின் நடுக்குழியில் விட்டார்.

“நான் உள்ளே போனால் திரும்பி வரமாட்டேன். யோசித்துத்தான் ஊற்றுகிறாயா?” என்றபடியே தண்ணீர் இறங்கி மறைந்தது.

அப்புறம் சிமெண்ட் பேசியது. அது மட்டும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டது.

“நான் நெருப்பில் வெந்து வந்தவன். எனக்கென்று ஆசை எதுவும் இல்லை. ஈரம் இருக்கும்வரை காது கேட்கும். எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சொல்.”

அவர் நிமிர்ந்தார். தெருமுனையில் தோளில் ஒரு பையோடு உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

அவருடைய ஒரே மகள். திருநெல்வேலியில் நர்ஸ் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், தனக்குப் பிடித்தவனை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டவள். அன்றிலிருந்து அவர் அவள் பேரை வாயில் எடுத்ததில்லை.

“அப்பா,” என்றாள், ஈரமான கண்ணோடு.

சங்கரபாண்டி கலவையை வாரிப் பலகைக்குள் கொட்டினார். கொட்டிக்கொண்டே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“என் உசிரு இருக்கிற வரைக்கும் என் ரத்தம் இந்தப் படியைத் தாண்டாது!”

கலவைக்குள் காற்றுக் குமிழ் ஒன்று மேலே வந்து உடைந்தது. “சரி,” என்று கேட்டது.

உலகம்மாள் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அவர் கரண்டியால் படியை மழமழவென்று தேய்த்து, சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, இன்னும் இறுகாத படியை மிதிக்காமல் ஒரே எட்டில் தாண்டி உள்ளே போனார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி கோமதி படிமேல் ஈரச்சாக்கைப் போட்டுத் தண்ணீர் விட்டாள். விட்டவள் குடத்தோடு அப்படியே நின்றாள்.

“ஏங்க, கூப்பிட்டீங்களா?”

“இல்லியே.”

“உங்க சத்தம் கேட்டுச்சே.”

அவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். சாக்குக்கு அடியில் தண்ணீர் இறங்க இறங்க, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி, அவருடைய குரலே சொல்லிக்கொண்டிருந்தது: ‘என் ரத்தம் தாண்டாது, என் ரத்தம் தாண்டாது.’

“புதுச் சிமெண்ட் தண்ணி குடிக்கிற சத்தம்டீ அது,” என்றார். கோமதி குடத்தை வைத்துவிட்டுப் படியைத் தாண்டிப் பால் வாங்கப் போனாள்.

மூன்றாம் நாள் அவர் வேலைக்குக் கிளம்பினார். வலது காலைத் தூக்கிப் படிக்கு மேலே நீட்டினார். கால் அங்கேயே நின்றது. யாரும் பிடிக்கவில்லை, எதுவும் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் போகவில்லை. இடது காலால் முயன்றார். கையை நீட்டினார். விரல் நுனியில் நெஞ்சு அடிக்கிற அடி தெரிந்தது; விரல் மட்டும் வெளியே போகவில்லை.

முதுகுவலி என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார். நாலு நாள் அதையே சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது கட்டிலில் படுத்துக்கொண்டார்.

ஏழாம் நாள், கோமதி கடைக்குப் போயிருந்த நேரம், படியருகே குனிந்து உட்கார்ந்தார்.

“நான் சொன்னது என்னையில்ல. அவளை.”

“உன் ரத்தம் என்றாய். உன் உடம்பில் ஓடுவது வேறு யாருடையது?” என்றது சிமெண்ட். குரல் முன்பைவிடத் தாழ்ந்து, தூரத்திலிருந்து வந்தது.

“கோபத்தில சொன்னதுய்யா.”

“கோபத்தைத் தனியாக எடுத்துவைக்க எனக்குத் தெரியாது. கொடுத்ததைப் பிடித்தேன்.”

“விட்டுரு. இப்ப நான் வேற சொல்றேன், கேளு.”

“என் ஈரம் காய்கிறது. இனிமேல் நீ சொல்வது கேட்காது,” என்றது. அதற்கப்புறம் அது பேசவே இல்லை.

அவர் சம்மட்டியைக் கொண்டுவந்து ஓங்கினார். படிக்கு ஒரு சாண் மேலே சம்மட்டி நின்றது. மறுபடி ஓங்கினார். தோள்பட்டை இறங்கிவிடும்போல் வலித்தது. படியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கோமதி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

“மொத நாளே தெரியும். தண்ணி விட்டவ நாந்தானே.”

“தெரிஞ்சும் ஏன்டீ சும்மா இருந்த?”

“நீங்க சும்மா இருக்கச் சொல்லித்தானே ரெண்டு மாசமா சும்மா இருக்கேன்.” அவர் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக்கொண்டாள். “இது என்னைத் தடுக்காது. நான் உங்க ரத்தமில்ல. ஆனா ஒண்ணு சொல்லுங்க. எதுக்கு உடைக்கணும்? நீங்க வெளிய போறதுக்கா, அவ உள்ள வாறதுக்கா?”

சங்கரபாண்டி போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

“அவளுக்குப் போன் போடு,” என்றார். “உடைக்கிறத வந்து பாக்கட்டும்.”

உலகம்மாள் மறுநாள் காலையில் வந்தாள். தெருவில் நின்றாள். அப்பா உள்ளே, அவள் வெளியே. நடுவில் கோமதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டி போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் படிக்குள்ளிருந்து அவர் குரல் ஒரு துண்டு தெறித்தது. ‘உசிரு.’ ‘ரத்தம்.’ ‘தாண்டாது.’ தெருக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாய்த் தெருவில் உருள்வதை அவர் நின்று கேட்டார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

பொழுது சாயும்போது கம்பிதான் மிஞ்சியது. அதையும் கோமதி வளைத்து இழுத்து எறிந்தாள். கையெல்லாம் கொப்பளம்.

சங்கரபாண்டி காலை எடுத்து வைத்தார். கால் மண்ணில் பட்டது. வெளியே வந்து மகளுக்கு முன்னால் நின்றார்.

“உள்ள வாம்மா.”

உலகம்மாள் வாசலைப் பார்த்தாள். ஒரு காலை முன்னால் வைத்தாள். மறு கால் வரவில்லை. அவர் குனிந்து பார்த்தார். தரையில் ஒன்றுமே இல்லை, வெறும் மண்.

“அப்பா, அன்னிக்கு நீங்க சொன்னப்போ நானும் ஈரமாத்தான் நின்னேன். அந்தச் சொல்லு எனக்குள்ளயும் இறுகிப்போச்சு,” என்றாள். குரலில் கோபம் இல்லை.

தெருவில் நின்றபடியே அம்மாவின் கைக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சங்கரபாண்டி செருப்புகூடப் போடாமல் பத்தடி பின்னால் நடந்தார். தெரு தாண்டி, கடைவீதி தாண்டி, பஸ் நிற்கிற இடம்வரை நடந்தார். அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. போய்விடுங்கள் என்றும் சொல்லவில்லை.