பாறைக்கு மேல் ஓரடி

இரண்டு குடும்பம், ஒரே கிணறு, அதில் ஒன்பதடித் தண்ணீர். கதை இவ்வளவுதான். அதைப் பங்கு போட்டதில்தான் சிக்கலே.

காங்கேயம் பக்கத்தில் அங்காத்தாளுக்கு ஒரு ஏக்கர் சோளம். கொழுந்தன் பொன்னுச்சாமிக்கு இரண்டு ஏக்கர். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மழை கைவிட்டது, ஊற்றும் அடங்கிப்போனது. கிணற்றில் கிடப்பதை ஒரு தடவை பாய்ச்சினால் பயிர் பிழைக்கும். இல்லையென்றால், கணவன் இறந்த பிறகும் விடாமல் பிடித்திருந்த நிலத்தைப் போட்டுவிட்டு அங்காத்தாள் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போக வேண்டியதுதான். மாட்டை யாரிடம் விடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

நிலம் இரண்டுக்கு ஒன்று, தண்ணீரும் அப்படியே என்று பேச்சு. பொன்னுச்சாமி அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டான். மேல் ஆறடி அவனுக்கு, கீழ் மூன்றடி அவளுக்கு. அவளும் தலையாட்டினாள்.

மோட்டார் ஓடியது. ஐந்தடி இறங்கியதும் அங்காத்தாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படியிறங்கிப் போய்த் தண்ணீருக்குள் காலை விட்டாள். ஓரடியிலேயே பாதம் கல்லில் முட்டியது. அப்போதுதான் நினைவு வந்தது. கிணறு வெட்டும்போது அடியில் ஒரு பாறை குறுக்கிட்டது, வெடிக்கும் அசையவில்லை. கிணற்றின் சரிபாதியை அடைத்துக்கொண்டு, மூன்றடி உயரத்துக்கு மட்டமாக நின்றது. அலுத்துப்போய் மறுபாதியை மட்டும் தோண்டினார்கள். கயிறு தொங்கியது அந்தப் பாதியில். தண்ணீர் இவ்வளவு கீழே போனதே இல்லை, அதனால் பாறையை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"மோட்டாரை நிறுத்துங்க கொழுந்தனாரே. கீழே பாதிக் கிணறு பாறைங்க."

பொன்னுச்சாமி நிறுத்தினான், எட்டிப் பார்த்தான். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவன் சோளமும்தான் காய்கிறது. கை சுவிட்சை விடவில்லை.

"பேசுனது ஆறடிங்க நங்கையா. இன்னும் ஓரடி எனக்கு வரோணும். பாறையை நானா கொண்டாந்து வெச்சேன்?" என்று அண்ணியைக் கேட்டான்.

அந்த ஓரடியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் சண்டை தீர்ந்தது என்றாள் அவன் மனைவி சரசாள். "வெளிய வாங்கக்கா. நிக்கற நிலையைப் பார்த்தா நீங்களே குடிச்சுத் தீர்த்துருவீங்க போல."

அங்காத்தாள் அசையவில்லை. "இதுலயும் கை வெச்சா நான் எங்கே போறதுங்க?" என்றாள். 

இதோடு நிறுத்தச் சொன்னவள், ஆறடி கேட்டவன், பாதிப் பாதி என்றவள். மூவரில் யார் சொன்னது சரி?

விடை: பாறை இருக்கும் ஆழத்தில் ஓரடித் தண்ணீர், மேலே உள்ள ஓரடியில் பாதிதான். மேலே அடிக்கு இரண்டு பங்கு, கீழே அடிக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஆறடியில் பன்னிரண்டு, கீழ் மூன்றடியில் மூன்று. ஆக மொத்தம் பதினைந்து. இரண்டுக்கு ஒன்றாகப் பிரித்தால் அவனுக்குப் பத்து, அவளுக்கு ஐந்து. ஐந்தடியிலேயே அவன் பத்தையும் எடுத்தாயிற்று. ஆறடி எடுத்திருந்தால் நாலுக்கு ஒன்றாகியிருக்கும். ஆக, அங்காத்தாள் சொன்னதே சரி. பொன்னுச்சாமி விரல்விட்டு இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான். பிறகு போய், குழாயை அவள் சோளத்துப் பக்கம் திருப்பி வைத்தான்.